புது ஊரை மூக்கும் காதும் எப்படிப் பார்க்கின்றன?

கொல்கத்தா போய் இறங்கிய முதல் நாள் சாயங்காலம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிசம்பர் மாதத் தொடக்கம். நகரத்தின் வடக்குப் பக்கம், ஒரு பழைய சந்துக்குள் அறை எடுத்திருந்தேன். மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது எதிர்வீட்டிலிருந்து சங்குச் சத்தம். நீளமாக, ஒரே மூச்சில்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சந்துக்குள் சங்குச் சத்தம் கேட்டால் முதலில் என்ன தோன்றும்? எதிர்வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஷூவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அதற்குள் பக்கத்து மாடியிலிருந்து இன்னொரு சங்கு. அப்புறம் தெருக்கோடியில் ஒன்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், எதிர்மாடியில் ஒரு பாட்டி துளசித் தொட்டிக்கு முன்னால் விளக்கை வைத்துவிட்டு, சங்கை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். வங்காளிகளின் வீட்டில் அந்தி விளக்கு ஏற்றும்போது சங்கு ஊதுவது வழக்கம். அவர்களுக்கு அது மங்கல ஒலி. கல்யாணத்திலும் ஊதுவார்கள், கூடவே பெண்கள் குலவையிடுவார்கள். நம் தென் மாவட்டங்களில் முளைப்பாரிக்கு இடும் அதே குலவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் மூழ்கி எடுக்கிற சங்குகள் நெடுங்காலமாக வங்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே கல்யாணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல் சங்கை அறுத்துச் செய்ததுதான். என்னைத் திடுக்கிட வைத்த சத்தம் ஒருவேளை எங்கள் கடலிலிருந்து போனதாகவே இருந்திருக்கலாம்.

அந்த ஒரு நிமிடத்தில் நடந்ததை உடைத்துப் பார்த்தால், புலன்களால் ஊரை அறிவது என்றால் என்ன என்பது புரிந்துவிடும். ஒலி என் காதுக்கு வந்தது. அதற்கு அர்த்தம் கொடுத்தது நான் வீட்டிலிருந்து எடுத்துப்போன பழக்கம். அந்த அர்த்தம் இந்த ஊருக்குப் பொருந்தாது என்று தெரிந்த நொடியில்தான் நான் கொல்கத்தாவுக்குள் நுழைந்தேன். அதுவரை ரயிலிலிருந்து இறங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

எளிமையாகச் சொன்னால் விஷயம் இதுதான். ஒவ்வொரு ஊருக்கும் அதற்கே உரிய ஒலி, வாசம், சுவை, வெளிச்சம், காற்றின் ஈரம், காலுக்கடியில் தரையின் தன்மை எல்லாம் உண்டு. பயணம் போகும்போது இவற்றைக் கவனித்து, நம் ஊரோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தின் வழியாக ஊரைப் புரிந்துகொள்வதைத்தான் புலன்வழிப் பயணம் என்கிறார்கள். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று பள்ளிக்கூடத்தில் வரிசையாகச் சொன்னோமே, அதில் கண் மூன்றாவதாகத்தான் வருகிறது. ஆனால் ஊர் பார்க்கக் கிளம்பினால் கண் ஒன்றுதான் வேலை செய்கிறது, மற்ற நாலும் சும்மா கூட வருகின்றன. நாம் சொல்வதே ‘ஊர் பார்க்கப் போகிறேன்’ என்றுதானே.

கண்ணைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு சங்கடம் இருக்கிறது. போவதற்கு முன்பே அது எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுகிறது. 1943-இல் திறந்த ஹவுரா பாலத்தை நேரில் பார்க்கும் முன் சினிமாவில், காலண்டரில், போனில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! நேரில் போனால் ‘ஆமாம், அதேதான்’ என்று சரிபார்த்துவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். பாலத்தின் நடைபாதையில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு பஸ் போகும்போதும் தரை மெல்ல அதிர்வது உள்ளங்காலில் தெரியும். தலைச்சுமைக்காரர்கள் பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே விரைவார்கள், அவர்கள் கூடையிலிருந்து ஈரப் பூவாசம் நம்மைக் கடந்து போகும். அந்த அதிர்வையும் வாசத்தையும் யாரும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்க முடியாது.

மூக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புது ஊரில் அதற்குத்தான் வேலை அதிகம். கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் சேதிகள் மூளைக்குள் தலாமஸ் என்ற ஓர் இடைநிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பிரிந்து போகின்றன. வாசம் மட்டும் அங்கே நிற்காமல் நேராக உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்குப் போய்விடுகிறது. பெயர் ஞாபகத்துக்கு வருவதற்கு முன்பே ஒரு வாசம் நம்மைக் கலங்கவோ பசிக்கவோ வைப்பது இதனால்தான் என்கிறார்கள்.

கொல்கத்தாவின் தெரு டீயை எடுத்துக்கொள்வோம். பல கடைகளில் சின்ன மண்குவளையில் தருகிறார்கள். பூச்சு எதுவும் இல்லாத, சுட்ட மண். நான்கு மடக்குக்கு மேல் பிடிக்காது. வாங்கியவுடனே குடித்துவிடாதீர்கள். கொதிக்கிற டீ அந்த உலர்ந்த மண்ணில் பட்டதும் கோடைமழையின் முதல் தூறல் விழுந்ததுபோல ஒரு வாசம் எழும். மண்வாசனையேதான். உலர்ந்த மண்ணிலும் கல்லிலும் சேர்ந்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் ஈரம் பட்டதும் வெளியேறுவதுதான் இந்த மணம் என்று விளக்கி, 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் இதற்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜ் ஊர் அத்தர்காரர்களோ அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே சுட்ட மண்ணை நீரில் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

முதல் மடக்கில் உதட்டைக் கவனியுங்கள். குவளையின் விளிம்பு சொரசொரப்பாக உதட்டில் லேசாக ஒட்டும், மண் ஈரத்தை உறிஞ்சுவதால். கடைசி மடக்கில் டீயோடு கொஞ்சம் மண்ணும் கரைந்ததுபோல நாக்கில் படும். குடித்து முடித்ததும் குவளையைக் கடைக்கு அருகிலுள்ள கூடையில் போட வேண்டும். ‘சடக்’ என்று உடையும். ஒரு டீ குடிப்பதற்குள் வாசம், சூடு, சுவை, தொடுகை, ஒலி ஐந்தும் வந்துவிட்டன பாருங்கள். ஆறு ஏழு நிமிடத்தில் ஊரைப் பற்றி இத்தனை சொல்லித்தரும் வேறு பொருளை நான் அங்கே பார்க்கவில்லை.

அடுத்தது கடுகெண்ணெய். காலையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் யாரோ ஒருவர் அதைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். நல்லெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் வளர்ந்த மூக்குக்கு அது முதலில் வாசமாகவே தெரியாது. மூக்கின் மேல்பகுதியில் ஏதோ குத்துவதுபோல, கண்ணில் நீர் கட்டுவதுபோல இருக்கும். அது உண்மையும்கூட. கடுகிலுள்ள காரப்பொருள் வாச உணர்வை மட்டும் தொடுவதில்லை, முகத்தில் தொடுகையையும் வலியையும் உணரும் நரம்பையும் தூண்டுகிறது. அந்தக் குத்தல் ஓரளவு ஒரு தொடு உணர்ச்சி. அதனால்தான் அங்கே சமையலில் எண்ணெய் புகையும்வரை காய்ச்சுகிறார்கள், அப்போது காரம் அடங்கிவிடும்.

இந்தக் குத்தலுக்குத் தமிழில் சொல் இருக்கிறது: நெடி. மிளகாய் வறுத்தால் நெடி, மீனில் கவுச்சி, ஈரத்துணி காயாமல் கிடந்தால் வாடை, மல்லிகைக்கு மணம், கன்றுக்குட்டியின் வாயில் பால்வாசம், வெயிலில் நின்ற வெள்ளாட்டின் மேல் மொச்சை. பயணத்தின்போது இந்தச் சொற்கள் ரொம்ப உதவும். ‘ஒரு மாதிரி வாசம் வந்தது’ என்று எழுதினால் நாளைக்கு நமக்கே ஞாபகம் இருக்காது. ‘மீன் சந்தையில் கவுச்சி, அதற்குமேல் கடுகெண்ணெய் நெடி’ என்று எழுதிவைத்தால் ஐந்து வருஷம் கழித்தும் அந்த இடம் அப்படியே எழுந்து வரும். சொல் இருந்தால் மூக்கும் கூர்மையாகத் தேடுகிறது, இது நான் அனுபவத்தில் கண்டது.

சரி, இதை ஏன் முதல் நாளே செய்ய வேண்டும் என்கிறேன்? மூக்கு சீக்கிரம் பழகிவிடும். ஒரு வாசத்துக்குள் தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களில் அது மங்கிவிடுகிறது. அதற்கு இயற்கையான காரணம் உண்டு. சுற்றிலும் மாறாமல் இருக்கும் எதையும் உடம்பு பின்னுக்குத் தள்ளிவிட்டு, புதிதாக வருவதைக் கவனிக்கத் தயாராகிறது. புகையோ கெட்டுப்போன சாப்பாடோ வந்தால் உடனே தெரிய வேண்டும் அல்லவா? காதும் அப்படித்தான், சுற்றியிருக்கும் இரைச்சலை இரண்டு நாளில் மறந்துவிடும். நான் தங்கிய சந்தில் முதல் நாள் மக்கிய சுண்ணாம்பு, நிலக்கரிப் புகை, ஊதுவத்தி மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. நாலாம் நாள் எதுவுமே தெரியவில்லை. சந்து மாறவில்லை, நான்தான் அந்த ஊர்க்காரரைப் போல ஆகிக்கொண்டிருந்தேன்.

அதனால், போய் இறங்கிய அன்று அலுப்பாக இருந்தாலும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் இரண்டாம் நாளும் அங்கேயே இருக்கும். முதல் நாள் மூக்கு இரண்டாம் நாள் இருக்காது.

இனி காது. ஓர் இடத்தின் ஒலிகள் மொத்தத்தையும் ஒரு நிலக்காட்சியைப் போல ஒன்றாகப் பார்க்கலாம் என்று சொன்னவர் கனடாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர். 1970-களின் தொடக்கத்தில் அவரும் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் அவருடன் இருந்தவர்களும் வான்கூவர் நகரத்தின் ஒலிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். அவர் ஒலிகளைப் பிரித்த விதம் புதியவர்களுக்கு ரொம்ப உபயோகமானது. முதல் வகை, பின்னணியில் எப்போதும் இருந்துகொண்டிருப்பது. கச்சேரியில் தம்புரா மாதிரி. அதைச் சுருதி என்றே வைத்துக்கொள்ளலாம், அவரும் சங்கீதத்திலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார். இரண்டாவது, நம்மைக் கூப்பிட்டு எதையோ சொல்கிற ஒலி: ஹார்ன், மணி, கூவி விற்பவரின் குரல். மூன்றாவது, அந்த ஊருக்கென்றே அமைந்த அடையாள ஒலி. கோபுரத்தைப் பார்த்து ஊரைச் சொல்வதுபோல, அதைக் கேட்டு ஊரைச் சொல்லிவிடலாம்.

கொல்கத்தாவில் நின்று இதைப் பொருத்திப் பார்த்தேன். சுருதி எதுவென்றால் வண்டிகளின் இரைச்சலும் காக்கையும். கூப்பிடும் ஒலிகளோ ஏராளம். தனியார் பஸ் நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு தகரத்தைப் படபடவென்று தட்டி ‘ஹவுரா ஹவுரா ஹவுரா’ என்று ஒரே மூச்சில் சொல்லுவார். பெண்கள் இறங்கும்போது ‘ஆஸ்தே லேடீஸ்!’ என்று ஓட்டுநருக்குக் குரல் போகும். மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். கையால் இழுக்கும் ரிக்‌ஷா அங்கே சில பகுதிகளில் இன்னும் ஓடுகிறது. இழுப்பவர் விரலில் ஒரு சின்ன மணியைக் கோத்துக்கொண்டு, வண்டியின் மரக்கையில் தட்டிக்கொண்டே வருவார். இரண்டு மூன்று நாளில், திரும்பிப் பார்க்காமலே எது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று காது சொல்ல ஆரம்பித்துவிட்டது. பார்வை இல்லாதவர்கள் ஒவ்வொரு நாளும் நகரத்தை இப்படித்தான் கடக்கிறார்கள். அவர்களுக்கு உள்ள தேர்ச்சியில் ஒரு துளி நமக்கு வந்தாலே தெரு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது!

அடையாள ஒலி என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்திச் சங்கும் டிராம் மணியும்தான். அங்கே குதிரை இழுத்த டிராம் 1873-இல் ஓடியது, மின்சார டிராம் 1902-இல் வந்தது. ஒரு காலத்தில் நகரம் முழுக்க இருந்த தடங்கள் குறைந்துகொண்டே வந்து இப்போது மிகக் கொஞ்சமே மிச்சம். டிராமுக்குள் உட்கார்ந்து கண்ணை மூடினால் அடியில் இரும்பும் இரும்பும் உரசும் கரகரப்பு, திருப்பத்தில் ஒரு நீண்ட கிறீச், அப்புறம் டிங், டிங். அது போய்விட்டால் அந்தத் தெருக்கள் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், காதுக்கு வேறு ஊராகிவிடும். பழைய கட்டடத்தை இடித்தால் படம் பிடித்துப் பேப்பரில் போடுகிறோம். ஓர் ஒலி போனால் யாரும் கவனிப்பதுகூட இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

மொழி புரியாத ஊர் என்றால் இன்னொரு வரவு உண்டு. வார்த்தை புரியாததால் மொழியின் ஓசை மட்டும் தனியாகக் கேட்கும். வங்காளி வாயில் நம் ‘அ’ பல இடங்களில் ‘ஒ’ ஆகிறது. ரவீந்திரர் ரொபீந்த்ரோ ஆகிறார், ரசகுல்லா ரொஷொகொல்லா. உதட்டைக் குவித்துப் பேசும் மொழி. இரண்டு நாள் கேட்டுவிட்டு யாராவது தமிழ் பேசினால் நம் மொழியில் எவ்வளவு ‘ற’வும் ‘ட’வும் தட்டுகின்றன என்று திடீரென்று தெரிகிறது.

நாக்குக்கு ஒரு சின்னப் பரிசோதனை. குளிர்காலத்தில் போனால் புது ஈச்சவெல்லம் போட்ட சந்தேஷ் என்ற பால் இனிப்பு கிடைக்கும். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம். மூக்கை விரலால் பொத்திக்கொண்டு ஒரு துண்டை வாயில் போடுங்கள். இனிப்பு, பாலின் கொழுப்பு, அவ்வளவுதான் தெரியும். மெல்லும்போதே விரலை எடுங்கள். அந்த நொடியில் கருப்பட்டியைப் போன்ற புகைவாசம் வாய் முழுக்கப் பரவும். வாயிலுள்ளதன் வாசம் தொண்டையின் பின்புறம் வழியாக மூக்குக்கு ஏறுகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த வாசம்தான். ஜலதோஷத்தில் சாம்பார் சப்பென்று இருப்பதும் இதனால்தான்.

வெளிச்சமும் ஒரு புலனுணர்வுதான். இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம், 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. கொல்கத்தா அதற்கு ஏறக்குறைய 6 பாகை கிழக்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால், அங்கே சூரியன் கடிகாரத்தை 24 நிமிடம் முந்திக்கொள்கிறது. சென்னையோ கொஞ்சம் மேற்கே. குளிர்காலத்தில் வடக்கே பகல்பொழுதும் குறைவு. எல்லாம் சேர்ந்து டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் 5:40 வாக்கில் மறைகிற சூரியன் கொல்கத்தாவில் 4:50-க்கே போய்விடுகிறது. உடம்பு குழம்பும். நாலு மணிக்கே டீ கேட்கும், ஏழு மணிக்குப் பசிக்கும், ஒன்பதுக்கு நடுநிசி மாதிரி இருக்கும். இதை எந்தப் போட்டோவும் சொல்லாது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், எந்த ஊரிலும் விடியற்காலைச் சந்தையில் தொடங்குங்கள் என்பேன். கொல்கத்தாவில் ஹவுரா பாலத்தின் கிழக்குக் கரைக்கடியில், ஹூக்ளி ஆற்றின் ஓரமாக முல்லிக் படித்துறைப் பூச்சந்தை இருக்கிறது. ஹெட்போன் வேண்டாம், போன் பைக்குள். கூட வந்தவரிடம் இருபது நிமிடம் பேச வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நெரிசலிலும் படித்துறையிலும் கண்ணை மூடாதீர்கள், சேறு வழுக்கும். காலை ஊன்றிவைத்து மெல்ல நடந்தால் ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பிக்கும். கயிறுபோலத் திரித்த கேந்திப்பூ மாலைகளின் பச்சைக் கசப்பு வாசம். அதற்குள் சம்பங்கி, நம் கோயம்பேட்டிலும் தோவாளையிலும் இருப்பதே. ஆனால் மல்லிகை வாசத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நம் பூச்சந்தையை அதுதானே ஆள்கிறது, இங்கே கேந்தி ஆள்கிறது. படியில் இறங்கினால் பூவாசம் சட்டென்று அறுந்து ஆற்றுச் சேற்றின் வாடையும் குளிர்காற்றும் முகத்தில் படும். மேலே பாலத்தின் இரைச்சல், கீழே தண்ணீர் படியை அறையும் சத்தம்.

அன்று இரவு தூங்கப் போகும் முன் ஐந்து வரி எழுதுங்கள். பார்த்தது எதையும் எழுத வேண்டாம், அதைப் போன் பார்த்துக்கொள்ளும். கேட்டது, முகர்ந்தது, தொட்டது, நம் ஊரில் எதைப்போல இருந்தது, எதைப்போல இல்லை என்று மட்டும். பிடிக்காததையும் எழுதுங்கள். மீன்காரர் நம் அரிவாள்மணையைப் போலவே நிற்கும் பெரிய கத்தியின் முன் உட்கார்ந்து கெண்டையைப் பிளக்கும்போது வந்த கவுச்சியை நானும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் எழுதினேன். இப்போது அந்த நோட்டில் முதலில் தேடிப் படிப்பது அந்த வரியைத்தான்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குத் திரும்பினேன். பூட்டியிருந்த கதவைத் திறந்ததும் ஒரு வாசம் வந்தது. பெருங்காயம், பழைய செய்தித்தாள், காயாத துணி, சாமி அலமாரியிலிருந்து லேசாகக் கற்பூரம். இத்தனை வருஷம் அங்கே இருந்தும் எங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு வாசம் இருப்பது எனக்குத் தெரியாது. பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றேன். இரண்டு மூன்று நிமிடம்தான் இருந்தது, அப்புறம் போய்விட்டது.